ஊக்கி தானாகச் சாகிறதில்லை

ஜேர்மனியிலை றெஸ்ரோரண்டுகளிலை வேலை செய்யிற எங்கட ஆக்கள் கனபேரிட்டை இருக்கிறது பதினைஞ்சு இருபது வருசம் ஓடின கார்தான். ஆடம்பரத்துக்கு வச்சிருக்கிறதில்லை. இரவு பன்னிரண்டரைக்குக் கிச்சின் கழுவி முடிச்சு வெளியிலை வந்தா, சின்ன ஊர்களிலை பஸ்ஸும் இல்லை, றெயினும் இல்லை. அந்தக் கார் நிண்டா வேலையும் நிக்கும். அப்பிடியான காரிலை ஒருநாள் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைற் பத்தும். கராஜிலை கொம்பியூட்டரைக் கொழுவிப் பாத்துப்போட்டு "கட்டலிசாற்றர் பழுது" எண்டுவினம். ஆயிரத்து நானூறு யூரோ எண்டு ஒரு கடதாசி கையிலை வரும். எங்கட ஆள் ஒண்டில் கடன்பட்டு மாத்துவார், இல்லாட்டி வந்த விலைக்குக் காரை விப்பார்.

ரெண்டுக்கும் முதல் கேக்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கு. அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டுறதுதான் என்ரை ஆதங்கம்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை இரசாயனம் படிச்சுக் கொண்டிருந்தனான். 2006 ஆவணியிலை ஏ9 பாதை பூட்டுப்பட்டதோட ரெண்டாம் வருசத்திலை படிப்பு நிண்டுபோச்சு. பட்டம் கையிலை இல்லை. ஆனால் ஒரு வரைவிலக்கணம் மட்டும் மறக்கேல்லை. தாக்கத்தின்ரை வேகத்தைக் கூட்டும், ஆனால் தான் செலவாகாது, அதுதான் ஊக்கி. கட்டலிசாற்றர் எண்டு டொச்சிலை சொல்லுறதும் இந்த ஊக்கியைத்தான். தேன்கூடு மாதிரி ஓட்டையள் இருக்கிற ஒரு பீங்கான் கட்டி. அதுக்கு மேலை பிளாற்றினம், பலேடியம், றோடியம் எண்ட மூண்டு உலோகமும் மெல்லிசாய்ப் பூசியிருக்கும். எஞ்சினிலை இருந்து வாற காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோலையும் காபனீரொட்சைட்டும் தண்ணியுமாய் மாத்தும். நைதரசன் ஒட்சைட்டுகளை வெறும் நைதரசனாக்கும். இந்த வேலையிலை அந்த உலோகம் தீர்ந்து போறதில்லை.

அப்ப அது ஏன் சாகுது? ரெண்டு லட்சம் கிலோமீற்றருக்கு மேலை ஓடினா, சூட்டிலையே உலோகத் துகள்கள் ஒண்டோடொண்டு ஒட்டிப் பலம் குறையிறது உண்டு. அது கிழட்டுச் சாவு. ஆனால் கனக்கக் கட்டலிசாற்றருகளை எஞ்சின்தான் கொல்லுது. ஒரு பிளக்கோ கொயிலோ பழுதானால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்கை போய் அங்கை எரியும், பீங்கான் உருகிப்போகும். பிஸ்டன் றிங் தேய்ஞ்சு ஒயில் எரிஞ்சால், ஒயிலிலை இருக்கிற பொஸ்பரஸ் உலோகத்துக்கு மேலை படிஞ்சு நஞ்சாய்ப் போகும். கூலன்ற் தண்ணி கசிஞ்சு உள்ளுக்குப் போனாலும் இதே கதைதான். கொலைகாரனை உள்ளுக்கை விட்டுட்டு புதுசு ஒண்டைப் பூட்டினால், அதுவும் கொஞ்ச நாளிலை செத்துப்போகும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணைக்கு இதுதான் நடந்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கிற காருக்குப் புதுக் கட்டலிசாற்றர் பூட்டிக் குடுத்தினம். ஒயில் எவ்வளவு போகுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எட்டு மாசத்திலை அதே லைற் திரும்பப் பத்தினது.

இன்னொரு பக்கம், லைற் பத்தினால் கட்டலிசாற்றர் செத்துப்போச்சு எண்டும் இல்லை. பி0420 எண்டு வாற அந்தக் கோட்டின்ரை அர்த்தத்தை விளங்கிக்கொள்ள வேணும். கட்டலிசாற்றருக்கு முன்னுக்கு ஒண்டும் பின்னுக்கு ஒண்டுமாய் ரெண்டு லம்டா சென்சர் இருக்கும். லம்டா சென்சரை முதலிலை உற்பத்தி செய்தது ஜேர்மனியின்ரை பொஷ் கொம்பனிதான், 1976இலை, வொல்வோ காருகளுக்காக. முன்னுக்கு இருக்கிறது எஞ்சினுக்குப் பெற்றோல் கூடவோ குறையவோ எண்டு சொல்லும். பின்னுக்கு இருக்கிறது கட்டலிசாற்றர் வேலை செய்யுதோ எண்டு பாக்கும். ஐரோப்பாவிலை புதுப் பெற்றோல் காருகளுக்கு 2001இலை இருந்து இந்தக் கண்காணிப்பு கட்டாயம். பின்சென்சர் சொல்லுறது சரியாய்ப் படேல்லை எண்டால் கொம்பியூட்டர் பி0420ஐ எழுதும். அது ஒரு சந்தேகம், தீர்ப்பு இல்லை. ஒரு சாட்சி பொய் சொன்னாலும் அதே கோட்தான் வரும்.

என்னோட கிச்சினிலை வேலை செய்யிற தம்பியின்ரை 2004ஆம் ஆண்டுக் கார் இதுக்கு நல்ல உதாரணம். ஒரு கராஜிலை கட்டலிசாற்றர் மாத்தச் சொல்லிப் போட்டினம். இன்னொரு சின்னக் கராஜிலை காரை உயத்திப் பாத்தால், கட்டலிசாற்றருக்கு முன்னாலை வளையிற குழாயிலை ஒரு வெடிப்பு, சுத்திவரக் கறுப்புக் கரி. வெளிக்காத்து அதுக்காலை உள்ளுக்கை போய்ப் பின்சென்சரைக் குழப்பியிருக்கு. அந்தத் துண்டை மாத்தி ஒட்ட நூற்றெண்பது யூரோ. லைற் அதுக்குப் பிறகு பத்தேல்லை.

அதாலை காசு குடுக்க முதல் பாக்கவேண்டியதை ஒழுங்காய்ச் சொல்லுறன்.

முதலாவது, லைற் சும்மா பத்திக்கொண்டு நிக்குதோ, மினுங்குதோ? மினுங்கினால் எஞ்சின் சரியாய் எரியேல்லை, இப்பவே கட்டலிசாற்றர் உருகிக் கொண்டிருக்கலாம் எண்டு அர்த்தம். மெதுவாய் ஓரம்கட்டி நிப்பாட்டுங்கோ. ரெண்டாவது, எல்லாக் கோட்டையும் வாசிக்க வேணும். பி0300 தொடக்கம் பி0304 வரை ஏதும் கூட இருந்தால் பிளக், கொயில் பக்கம்தான் முதலிலை போகவேணும். மூண்டாவது, ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கோ. ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு குறையுது எண்டு ரெண்டு மாசம் எழுதி வையுங்கோ. நாலாவது, குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணி, புகைக்குழாய் வழிய சத்தமும் கரியும் இருக்கோ எண்டு பாருங்கோ.

இவ்வளவும் சரியெண்டால்தான் கட்டலிசாற்றரிட்டை வரவேணும். இருபது முப்பது யூரோவுக்கு விக்கிற ஒரு சின்னக் கருவியைக் கொழுவி, போனிலையே ரெண்டு சென்சரையும் பாக்கலாம். எஞ்சின் நல்லாய்ச் சூடாகி 2500 சுற்றிலை நிக்கேக்கை, பழைய வகை முன்சென்சர் 0.1க்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையிலை துள்ளும். பின்சென்சர் 0.6, 0.7 எண்டு அசையாமல் நிண்டால் கட்டலிசாற்றர் உயிரோடை இருக்கு. அதுவும் சேர்ந்து துள்ளினால் ஊக்கி களைச்சுப்போச்சு. கார் ஆறினபிறகு ரப்பர் சுத்தியலாலை மெதுவாய்த் தட்டிப் பாருங்கோ. உள்ளுக்கை கலகல எண்டால் பீங்கான் உடைஞ்சிட்டுது. ஆனால் மேலை மூடியிருக்கிற சூட்டுத் தகடு கழண்டாலும் அதே சத்தம்தான் வரும், அதையும் பாக்கவேணும். கார் மேட்டிலை இழுக்காமல், சுற்றுக் கூடக்கூடத் திணறினால் அடைப்பாய் இருக்கலாம். முன்சென்சரைக் கழட்டி அந்த ஓட்டையிலை அழுத்தமானி பூட்டினால் அது தெரிஞ்சிடும்.

கடைசி அளவு புகையிலைதான். ரியூவ் சோதினையிலை 2018 தையிலை இருந்து குழாய்க்கை கருவி விட்டு அளக்கிறது எல்லாக் காருக்கும் கட்டாயம். எங்கட மாதிரிப் பழைய பெற்றோல் காருகளிலை, கூடின சுற்றிலை காபனோரொட்சைட் பொதுவா 0.2 அல்லது 0.3 வீதத்துக்கு மேலை போகப்படாது. லம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையிலை நிக்க வேணும். லைற் பத்தினபடி போனால் விழுத்துவினம். ஆனால் திருத்திக் கொண்டுபோய்த் திரும்பக் காட்ட ஒரு மாசம் தவணை இருக்கு, அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. சோதினைக்கு முதல்நாள் கோட்டை அழிச்சுப்போட்டுப் போகலாம் எண்டு சில கெட்டிக்காரர் சொல்லுவினம். அழிச்சால் கொம்பியூட்டரிலை சுயசோதினை முடியேல்லை எண்டு காட்டும், கண்டுபிடிச்சிடுவினம். இன்னும் சிலர் பீங்கானை உடைச்சுக் கொட்டிப்போட்டு வெறுங்குழாயோட ஓடச் சொல்லுவினம். அது இந்த நாட்டிலை காரின்ரை அனுமதியையே இல்லாமல் செய்யும், வரி ஏமாத்தினதாயும் வரும். விசாவும் பிரஜாவுரிமையும் கையிலை வச்சுக்கொண்டு தவிக்கிற எங்களுக்கு அது தேவையோ?

தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்குள்ளை மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிச்சையும் மண்ணெண்ணெயிலை ஓட்டின சனம் நாங்கள். ஸ்ராட் பண்ணத்தான் ரெண்டு சொட்டுப் பெற்றோல். அந்தக் காருகளிலை கட்டலிசாற்றரும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. ஊர் மெக்கானிக்மார் சத்தத்தையும் மணத்தையும் பிளக்கின்ரை நிறத்தையும் வச்சு வருத்தம் சொன்னவை. அப்பிடி வளந்த நாங்கள் இஞ்சை ஒரு கோட்டைக் கண்ட உடனை வாய்மூடி நிக்கிறது எனக்கு விளங்கேல்லை. பாசை ஒரு காரணம்தான், மறுக்கேல்லை.

கராஜ்காரரை மட்டும் குறை சொல்லுறதும் நியாயமில்லை. ஒரு மணித்தியாலம் தேடிப் பாக்கிறதுக்கு நூறு யூரோ கேட்டால் எங்கட ஆக்கள் "சும்மா பாக்கிறதுக்கு நூறோ?" எண்டு சண்டை பிடிப்பினம். அதே ஆக்கள் பெட்டியிலை வாற புதுச் சாமானுக்கு ஆயிரம் குடுப்பினம். கண்டுபிடிக்கிறதுக்குக் காசில்லை, மாத்துறதுக்குக் காசிருக்கு எண்டால், அவை மாத்தத்தான் பாப்பினம். என்னைக் கேட்டால் அந்த நூறு யூரோதான் முழுச் செலவிலையும் பெறுமதியான காசு.

உண்மையாய் மாத்தத்தான் வேணும் எண்டால், வட்டத்துக்குள்ளை ஈ முத்திரையும் உங்கட எஞ்சினுக்கான அனுமதியும் இருக்கிறதைப் பூட்டுங்கோ. பழசைக் கேட்டு வாங்குங்கோ. 2021இலை றோடியம் ஒரு அவுன்ஸ் இருபத்தொன்பதாயிரம் டொலர் வரை போனது. அந்த நேரத்திலைதான் இரவிலை காருக்குக் கீழை புகுந்து வெட்டிக்கொண்டு போற கள்ளரும் கூடினவை. விலை பிறகு நல்லாய் விழுந்திட்டுது, எண்டாலும் அது வெறும் பழைய இரும்பில்லை, உங்கட காசு.

டொச் நல்லாய் வராட்டியும் பரவாயில்லை. கடதாசியிலை கையெழுத்து வைக்க முதல் ஒரேயொரு வசனம் கேளுங்கோ: "வறும் இஸ்ற் டேர் கட் கபுற்?" கட்டலிசாற்றர் ஏன் பழுதானது? காரணம் சொல்லுறவரிட்டைக் காரை விடுங்கோ. "பழசு, அதுதான்" எண்டு மட்டும் சொல்லுறவரிட்டைத் திறப்பைத் திரும்ப வாங்குங்கோ.