ஆறாத புண்ணும் மூலக்கூற்றுப் பரிசோதனையும்

வலியில்லை, அரிப்பில்லை, காய்ச்சலுமில்லை. முகத்திலோ கையிலோ சிறு பருவாகத் தோன்றி மாதக்கணக்கில் ஆறாதிருக்கும் புண்ணொன்றைப் பொருட்படுத்தி வைத்தியசாலைக்குச் செல்வோர் எமது கிராமங்களில் மிகச் சிலரே. லீஷ்மேனியாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் இலங்கையில் ஓசையின்றிப் பரவியமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும். நுளம்பிலும் சிறியதான மணல் ஈயின் கடியினால் தொற்றும் இந்நோய், உள்நாட்டிலேயே தொற்றியதாக முதலில் அறியப்பட்டது 1992ஆம் ஆண்டில், அம்பாந்தோட்டை மாவட்டத்திலாகும். 2000களின் முற்பகுதியில் வடக்கில் கடமையாற்றிய படையினரிடையே அதிகமாகக் காணப்பட்ட பின்னரே பரவலான கவனம் கிட்டியது. 2008இல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2018இல் பதிவான நோயாளரின் தொகை 3000ஐத் தாண்டியிருந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகியன கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களாகும்.

புண்ணின் ஓரத்தைக் கீறிப் பெறப்படும் திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒட்டுண்ணியைத் தேடுவதே வழமையான பரிசோதனை. செலவு குறைந்தது, நம்பத்தக்கதுங்கூட. ஆனால் புண் பழையதாக ஆக ஆக அதிலுள்ள ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை குறைந்து செல்கின்றது. தாமதித்து வருபவரே எமது நோயாளர் என்கையில், 'ஒட்டுண்ணி காணப்படவில்லை' என்ற அறிக்கை 'நோய் இல்லை' என்பதாகிவிடாது. பூஞ்சணத் தொற்று, தோற் காசம், தொழுநோய் என இதனை வேறொன்றாகக் கருதிச் சிகிச்சை அளிக்கப்படும் ஆபத்தும் உண்டு. தொழுநோய் என்ற ஐயம் மணமாகாத பெண்ணொருத்தியின் வாழ்வில் என்ன செய்யும் என்பதை எமது சமூகங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இவ்விடத்திலேயே மூலக்கூற்றுப் பரிசோதனை பயன்படுகின்றது. கொவிட் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அறிமுகமான பி.சி.ஆர். முறைதான் இதுவும். ஒட்டுண்ணியை முழு உருவில் கண்ணால் தேடாது, அதன் மரபணுப் பொருளின் குறிப்பிட்டதொரு துண்டைப் பன்மடங்காகப் பெருக்கிக் காண்பதே இதன் அடிப்படை. லீஷ்மேனியாவின் ஒரே கலத்தினுள் சிலவகைச் சிறு மரபணு வளையங்கள் ஏறத்தாழ 10,000 வரை இருப்பதால், புண்ணில் ஒட்டுண்ணி மிகச் சொற்பமாக இருந்தாலும் அது தப்புவது அரிது.

நோய் உண்டா இல்லையா என்பதோடு இதன் பயன் முடிந்துவிடவில்லை. இலங்கையில் தோலைத் தாக்கும் லீஷ்மேனியா டொனவானி என்ற இனம், இந்தியாவில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கி உயிர்குடிக்கும் காலா அசார் நோயை உண்டாக்கும் அதே இனமாகும். (1903இல் அதனைச் சென்னையில் கண்டறிந்த வைத்தியர் டொனவனின் பெயரையே அது தாங்கியுள்ளது.) 2023இல் பங்களாதேஷ் காலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையென்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. அயல்நாடுகள் ஒழிக்க முனையும் ஒட்டுண்ணியை நாம் தோல்நோய் எனக் கருதி அலட்சியம் செய்தல் தகாது. மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் சீதமென்சவ்வை அரிக்கும் வடிவம் பெரிதும் தென்னமெரிக்காவுக்கு உரியதெனினும், இங்கும் அத்தகைய நோயாளர் சிலர் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளனர்.

மத்திய கிழக்கிலிருந்து திரும்பும் தொழிலாளரையும் மறத்தலாகாது. சவூதி அரேபியா போன்ற நாடுகளில் தோற்புண்ணை உண்டாக்குவன வேறு லீஷ்மேனியா இனங்களாகும். நுணுக்குக்காட்டியில் இவையனைத்தும் ஒரே தோற்றமுடையன. எந்த இனம் என்பதைப் பிரித்தறிய மூலக்கூற்று முறையே உகந்தது. தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வருவாய் அந்நாடுகளில் தங்கியிருப்பதால் இது எமக்கு அந்நிய விடயமன்று.

இதற்குக் குறைபாடுகளும் உள. புண் ஆறிய பின்னரும் ஒட்டுண்ணியின் மரபணு எச்சங்கள் காணப்படலாம் என்பதால், நோய் குணமாயிற்றா என்பதைத் தீர்மானிக்க இப்பரிசோதனையை நம்பவியலாது. இரசாயனப் பொருட்கள் இறக்குமதியாவன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகள் பட்டபாட்டை நாம் கண்டோம். அதற்காக, வெளிநாட்டில் தயாரான விரைவுப் பரிசோதனைப் பொதியை வாங்கி ஒப்பேற்றிவிடவும் முடியாது. அத்தகைய பொதியொன்று இங்கு பரீட்சிக்கப்பட்டபோது நோயாளரில் பெரும்பகுதியினரைக் கண்டறியத் தவறியது. ஒரே வெப்பநிலையில் மரபணுவைப் பெருக்கும் 'லாம்ப்' என்ற எளிய முறை அதனிலும் நம்பிக்கையளிப்பதாயுள்ளது.

இயந்திரங்கள் இல்லை என்ற சாட்டு இனிப் பொருந்தாது. 2020இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கொவிட்டுக்கான பி.சி.ஆர். பரிசோதனைகள் நடைபெற்றன. அன்று பெற்ற ஆற்றலை இந்நோய்க்கும் பயன்படுத்துவது சுகாதார அமைச்சின் தீர்மானத்தைப் பொறுத்தது. எல்லா நோயாளருக்கும் இது வேண்டியதில்லை. நுணுக்குக்காட்டிப் பரிசோதனையில் ஒன்றும் காணப்படாத போதும் ஐயம் நீங்காதவர்கள், சீதமென்சவ்வு பாதிக்கப்பட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஆகியோருக்கு முதலில் வழங்கினாற் போதும். வவுனியாவிலோ மன்னாரிலோ பெறப்படும் மாதிரியை வடிதாளில் உலர்த்தி அனுப்பவும் முடியும். வாரந்தோறும் புண்ணினுள்ளேயே ஊசி ஏற்றிக்கொள்ளக் கூலிநாளை இழந்து வரவேண்டிய விவசாயியை, பரிசோதனைக்கெனவும் கொழும்புவரை அலைக்கழிக்க வேண்டிய தேவை இல்லை.