கண்ணிருந்தும் காணாத காட்சிகள்



தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அன்று தொட்டு இன்று வரை எத்தனை எத்தனை இலட்சம் மக்கள் அவ்வழியே போய் வந்திருப்பார்கள்! அவர்களுள் சன்னலுக்கு வெளியே உள்ளதை நின்று நோக்கியவர்கள் எத்தனை பேர்? காலையில் அலுவலகக் கவலை, மாலையில் வீட்டுக் கவலை, இடைப்பட்ட நேரத்தில் கைப்பேசி. பயணம் முடிகிறது; பார்த்தது ஒன்றுமில்லை.

திருமறையின் 16, 27, 29-ஆம் அத்தியாயங்கள் முறையே தேனீ, எறும்பு, சிலந்தி எனப் பெயர் பெற்றிருப்பதை அறிவீர்கள். அற்பம் என்று நாம் தட்டிவிட்டுப் போகும் உயிர்களின் பெயர்கள் அவை. படைப்பினங்களைச் சிந்தித்துப் பார்க்குமாறு மனிதனை மீண்டும் மீண்டும் அழைக்கும் வேதம் அது. அவ்வழைப்புக்குச் செவிசாய்க்கக் காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டியதில்லை. சுபுஹுத் தொழுகைக்கு நடந்து செல்லும் தெருவே போதும். விடியுமுன் மின்கம்பியில் அமர்ந்து முதற்குரல் எழுப்பும் கரிச்சான் குருவியை இத்தனை நாட்களில் ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா?

நின்று நோக்கிய ஒருவரின் கதை நம் பல்லாவரத்திலேயே நடந்தது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள். இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர், சரளை மண் தோண்டப்பட்டிருந்த ஒரு பள்ளத்தின் அருகே சென்றார். ஆயிரம் கற்களுக்கிடையே ஒரு கல் அவர் கண்ணை ஈர்த்தது. அதன் விளிம்புகள் தாமாகத் தேய்ந்தவை அல்ல. யாரோ தட்டித் தட்டிச் செதுக்கியவை. அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி! இந்தியாவின் தொன்மை வரலாற்று ஆய்வுக்கு வாயில் திறந்த கண்டுபிடிப்பு அதுவே. அவ்வாண்டிலேயே அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தனர். அங்குள்ள கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

அந்தப் பள்ளத்தின் வழியே அதற்கு முன் எவ்வளவோ பேர் நடந்திருப்பார்கள். ஃபூட்டுக்கு மட்டும் அது தென்பட்டது ஏன்? ஐரோப்பாவில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி அவர் படித்திருந்தார். எதைத் தேட வேண்டும் என்று அவருடைய மனம் அறிந்திருந்தது. அறிவு துணை நின்றால்தான் கண்ணும் காணும் என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

இதற்கு இன்னொரு சான்று, நீங்கள் நாள்தோறும் மிதித்துச் செல்லும் மரநிழலில் உள்ளது. நண்பகல் வேளையில் ஒரு வேப்பமரத்தடியில் தரையைப் பாருங்கள். நிழலினூடே வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் சிதறிக் கிடக்கும். இலைகளுக்கிடையே உள்ள இடுக்குகள் வட்டமானவை அல்லவே. ஒன்று முக்கோணம், ஒன்று கீற்று, ஒன்று கோணல். பின் ஒளி மட்டும் வட்டமாய் விழுவது எப்படி? அவை இடுக்கின் உருவங்கள் அல்ல, சூரியனின் உருவங்கள். சிறு துளையின் வழியே வரும் ஒளி, தான் புறப்பட்ட பொருளின் வடிவத்தையே ஏந்தி வருகிறது.

இவ்வுண்மையை ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம். கிரகண காலத்தில் சிறு துளை வழியே விழும் ஒளி பிறை வடிவம் பெறுவது ஏன் என்று ஆராய்ந்து, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஒரு தனி நூல் எழுதினார். 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணம் கோவைப் பகுதியில் வளையமாகவும், சென்னையில் பிறையாகவும் அமைந்தது. அத்தகைய நாட்களில் கிரகணத் தொழுகை முடித்து வெளியே வருபவர், பள்ளிவாசல் வளாகத்து மரத்தடியைக் குனிந்து பார்த்தால் போதும். தரையெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகள்!

மனிதர் கையால் உருவாகும் வடிவங்களும் சிந்தனைக்குரியவையே. நம் அண்டை வீட்டுச் சகோதரிகள் விடியற்காலையில் வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை நாம் நாள்தோறும் சுற்றிக் கடந்து செல்கிறோம். தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி அவற்றை ஊன்றி நோக்கினார். கணினி அறிவியல் அறிஞர்களான இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து, 1974-இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்திற்கும் இலக்கணம் உண்டு. சில விதிகளைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் சிறு கோலம் பெருங்கோலமாய் வளரும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதைப் போன்றதே பீட்டர் லூ என்ற இளம் ஆய்வாளரின் அனுபவம். உஸ்பெகிஸ்தான் பயணத்தில் இஸ்லாமியக் கட்டடங்களின் நட்சத்திரக் கோலங்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. பேராசிரியர் ஸ்டைன்ஹார்ட்டுடன் அவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு உலகை வியக்க வைத்தது. மேலைக் கணித அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டில் விளக்கிய, ஒரே ஒழுங்கில் திரும்ப வராத அரியதோர் அமைப்புக்கு மிக நெருங்கியதை, 1453-இல் இஸ்ஃபஹான் நகரில் கட்டப்பட்ட தர்பே இமாம் கட்டடத்தின் சுவரில் நம் கைவினைஞர்கள் ஓடுகளால் பதித்து வைத்திருந்தனர்!

அன்பர்களே, இதெல்லாம் ஓய்வு நேரப் பொழுதுபோக்குத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். காணத் தவறுவதற்கு விலையும் உண்டு.

நம் புறநகர் முழுவதும் ஏரிகளின் நாடு. முன்னோர் நிலத்தின் சரிவை உற்றுப் பார்த்து, ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு அமைத்தனர். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சென்றடைவது அவ்வாறுதான். நாளடைவில் கால்வாய்கள் மனைகளாயின. ஏரிக்குள் சாலை புகுந்தது. பல்லாவரம் பெரிய ஏரியே சாலையால் இரண்டாயிற்று. நாள்தோறும் அவ்வழியே போனவர்களுள் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவில்லை. 2015 டிசம்பரில் பெருமழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. தண்ணீர் தன் பழைய பாதையை மறக்கவில்லை, மனிதர்தாம் மறந்திருந்தனர். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கிய குடும்பங்கள் கழுத்தளவு நீரில் கைக்குழந்தைகளுடன் நின்றன.

கவனித்தவர்களால் காக்கப்பட்டவையும் உண்டு. குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் பெரும்பகுதியை இழந்துவிட்ட பள்ளிக்கரணையை, பறவைகளை எண்ணியவர்களும் நீர்வழிகளை வரைபடமாக்கியவர்களும் கைவிடவில்லை. எஞ்சிய பகுதி 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

எனவே, இம்மாதம் ஒரு சிறு பழக்கத்தை நம் இல்லங்களில் தொடங்குவோம். இரவு உணவுக்குப் பிள்ளைகள் அமரும்போது, "இன்று வழியில் புதிதாக எதைப் பார்த்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உம்மாவும் வாப்பாவும் தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். மாலையில் இலைகளை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரமாக இருக்கலாம். தெருமுனையில் மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதாக இருக்கலாம். மனை வாங்க எண்ணுவோர் ஒரு மழைநாளில் அவ்விடத்தை நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பார்வை என்பது இறைவன் தந்த அமானிதம். அதை முறையாகப் பயன்படுத்துவதும் அவனுக்குச் செலுத்தும் நன்றியே.