பயம் யாருடைய குணம்?

"நம்ம ஆளுகளுக்குப் பொறப்புலயே தைரியம் பத்தாது தோழர்." சோழவந்தான் டீக்கடையிலிருந்து மதுரையில் நடக்கும் கூட்டங்கள் வரை இந்தப் பேச்சைக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆதிக்கச் சாதிக்காரன் சொன்னால் திமிர் என்று ஒதுக்கிவிடலாம். நம் தோழர்களே சொல்லும்போது சும்மா இருக்க முடியவில்லை. ஒருவன் நடந்துகொள்வதை அவன் பிறவிக் குணமாக்கிவிடுவதுதானே சாதி காலங்காலமாகச் செய்துவரும் வேலை? அதே வேலையை நாமும் ஏன் செய்ய வேண்டும்?

கொடிக்கால் முதலாளி வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற பெரியவர், வங்கிக் கவுண்டரில் வந்து "என் வட்டிக்குக் கணக்குச் சொல்லுப்பா" என்று என்னை மடக்குகிறார். இதில் எது அவர் குணம்?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தலைவர் இல்லை. தேர்தல் அறிவித்தால் மனு வராது. வந்தாலும், ஆதிக்கச் சாதியார் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். "அவங்களுக்கே பதவி வேணாமாம்" என்று வெளியே பேசிக்கொண்டார்கள். கூலியும் கடனும் நடக்கிற பாதையும் யார் கையில் இருக்கிறதோ, அவரை எதிர்த்து மனுப் போடாதவர் கோழையா? நாளைக்கு அடுப்பு எரியணுமே என்று கணக்குப் பார்க்கிறவர் அவர்.

2006 அக்டோபரில் அதே ஊர்களில் தேர்தல் நடந்தது. இயக்கங்கள் வருஷக்கணக்கில் போராடியிருந்தன. ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். பத்து வருஷத்தில் ஜனங்களின் ரத்தமா மாறிவிட்டது? சுற்றிலும் இருந்த நிலைமை மாறியது.

அப்படியானால் எல்லாமே சூழ்நிலைதானா? மேலவளவு முருகேசன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே 1996. அதே மிரட்டல். மற்றவர்கள் விலகியபோதும் அவர் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தை மறித்து, அவரையும் துணைத் தலைவர் மூக்கனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரே நெருக்கடி எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவதில்லை. மனிதனுக்குள்ளும் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்த ஏதோ ஒன்றை மட்டும் நம்பி ஒருவரைத் தனியே அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் மேலவளவுதான் சாட்சி. அந்த வழக்கில் தண்டனை பெற்ற 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அடுத்து மனுப் போட நினைக்கிறவர் அதையும் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்?

மகாடு குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924-லேயே நகராட்சி தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20-ல் அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கானோர் நடந்து போய்த் தண்ணீர் அள்ளினார்கள். தனியாளாகப் போகத் தயங்கிய கால்கள்தான் கூட்டமாக நடந்தன. அந்தக் கூட்டத்தைக் கூட்டியது ஒரு மனிதரின் பிடிவாதம். மனிதர் சூழலை உண்டாக்குகிறார், சூழல் மனிதரை உண்டாக்குகிறது. ரெண்டில் ஒன்றை விட்டுப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

எனவே தோழர்களே, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஒருவரை மனுப் போடச் சொல்லும் முன் அவருக்குத் தைரியம் இருக்கிறதா என்று எடை போடாதீர்கள். அவருக்கு மறுநாள் கூலி யார் கொடுப்பார்கள், ராத்திரி அவர் தெருவில் யார் இருப்பார்கள், மதுரைக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? இதற்கு முதலில் நாம் பதில் வைத்திருக்க வேண்டும்.