முன்கூட்டியே வைக்கப்படும் கற்கள்



கிழக்காசியாவின் தொன்மையான 'கோ' விளையாட்டைக் குறித்து இவ்வாரம் சிந்திப்போம். நெடுக்கும் குறுக்கும் 19 கோடுகள். அவை சந்திக்கும் 361 இடங்கள். கறுப்பு, வெள்ளைக் கற்கள். அதிக இடத்தை வளைத்துக்கொள்பவரே வெல்கிறார்.

2016 மார்ச்சில் சியோல் நகரில் ஆல்பாகோ என்னும் கணினி நிரல், கொரிய வீரர் லீ செடோலை 4–1 என வென்றது. 2019இல் அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். இயந்திரம் வென்றபின் மனிதருக்கு என்ன மதிப்பு என்னும் கேள்வி, இயந்திரங்களோடு உழைக்கும் நம் வல்லம் வடகாலுக்கு அந்நியமானதன்று.

விடை அவ்விளையாட்டின் வழக்கமொன்றிலேயே இருக்கிறது. வல்லவர் ஒருவர் இளையவரோடு அமரும்போது, அவருடைய கற்களில் 9 வரை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்ள இசைகிறார். அப்போதுதான் ஆட்டம் இருவருக்கும் மெய்யான ஆட்டமாகிறது. வெல்லும் திறனில் நிரல் நம்மை மிஞ்சலாம். பிறருக்காக மனமுவந்து விட்டுக்கொடுப்பது மனிதரின் பேறு.

2024 ஆகஸ்டில் நம் ஊரில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கு வந்துள்ள சகோதரிகளில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

நம் கூடத்தில் ஞாயிறு மாலைதோறும் ஒரு பலகை விரிக்கப்பட வேண்டும் என்பதே என் துணிபு. தொடக்கத்திற்கு அட்டையில் நெடுக்கும் குறுக்கும் 9 கோடுகள் போதும். புளியங்கொட்டையும் சோழியும் கற்களாகும். இவ்வூரில் வேரூன்றிய நாமே இங்கு வலியவர்கள். ஆகவே வருகிறவர்களுக்கென்று இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்துக் காத்திருப்போமாக.