மூடியைத் திறந்து பாருங்கய்யா!

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மெல்பர்னில் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. பிரியாணியில் கை வைக்கப் போகும்போது பக்கத்தில் இருந்த அண்ணாச்சி என் விரலைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க நகக்கண்ணுல கறுப்பு? தோட்ட வேலையா?"

"இல்லைங்க, நேத்து நானும் பையனும் கார் எஞ்சின் மூடியைக் கழட்டினோம்."

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "அதுக்குத்தான் ஆள் இருக்காங்களே!" "வாரண்டி போயிடுமே!" "உங்க சம்பளத்துக்கு ரெண்டு மணி நேரம் இதுல போட்டா நஷ்டம்தானே!" கடைசியாக ஒரு அக்கா என் பையன் தலையைத் தடவி, "நீ நல்லா படிப்பா கண்ணா, உனக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம்" என்றார்.

முதல் மூன்றையும் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாக இருக்கும், தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது 2000ஆம் வருடத்து பாக்ஸ்டர். போர்ஷே என்றதும் கண் வைக்காதீர்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிய வண்டி. நீங்கள் போன வருடம் வாங்கிய எஸ்யுவி விலையில் பாதிகூட வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னால் மூடியைத் தூக்கினால் பெட்டி வைக்கிற இடம். பின்னால் தூக்கினாலும் பெட்டி வைக்கிற இடம். பின்பக்கத்தில் ஆயிலும் கூலண்டும் ஊற்ற மட்டும் இரண்டு வாய் இருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், மடக்குகிற கூரைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, எஞ்சினை ஒரு தடவைகூடப் பார்க்காமல் விற்றுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

எஞ்சினை ஏன் நடுவில் வைக்கிறார்கள்? நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பலாம். அதையே நீளக் கம்பு நுனியில் கட்டிக்கொண்டு திரும்பிப் பாருங்கள், குடம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். கனமான எஞ்சின் இரண்டு அச்சுக்கும் நடுவில் இருந்தால் வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் காதுக்குப் பின்னால் சத்தம், முதுகுக்குப் பின்னால் சூடு. அதனால் மூடி கட்டாயம் வேண்டும். மூடி போட்டவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. "அதைத் தொடாதே" என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்களே, அதில்தான் கோபம். தொடாமல் இருப்பதே கௌரவம் என்று நாமும் நம்பிவிட்டோமே, அதில் அதைவிடக் கோபம்.

கழட்டுவது ராக்கெட் விஞ்ஞானமா? இல்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கூரையைப் பாதி திறந்த நிலையில் நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். நம் கை உள்ளே இருக்கும்போது கூரை மோட்டார் ஓடினால் விரல் போய்விடும். பக்கத்தில் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளைக் கழட்டி, கூரையின் பின்பாகத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். பழைய மாடலில் பின்கண்ணாடி பிளாஸ்டிக், குளிரில் மடக்கினால் விரிசல் விடும், பார்த்து. அப்புறம் கம்பளத்தை எடுத்தால் தகட்டு மூடி. அதைப் பிடித்திருக்கும் பூட்டுகளைக் கால் சுற்று திருப்பினால் விட்டுவிடும். தூக்கினால் எஞ்சின். சீட்டுக்குப் பின்னால் இன்னொரு மூடி உண்டு. பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் அந்தப் பக்கம். அது அடுத்த மாதத்துக்கு.

மூடியைத் தூக்கினோம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். உள்ளே காய்ந்த இலை, செத்த பூச்சி, கரியாகிப்போன ஃபில்டர். விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

இந்த வண்டியை மூன்று வருடமாக ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் விடுகிறேன். பெயர் வேண்டாம். இரண்டு பில்லில் "ஏர் ஃபில்டர் மாற்றியது" என்று தெளிவாகப் போட்டு, ஃபில்டருக்கு ஒரு காசு, கூலிக்கு ஒரு காசு என்று வாங்கியிருக்கிறார்கள். பையன் பில்லையும் ஃபில்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தான். மூடி எஞ்சினை மட்டும் மறைக்கவில்லை மக்களே, செய்யாத வேலையையும் மறைத்தது. நான் திறக்க மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். என்னைப் போன்ற ஆள் திறக்கவே மாட்டான் என்று என் சட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் பிறந்தது கோலார் தங்கவயல், ஊரிகம். லைன் வீடு. எங்கள் நைனா மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாம்பியன் ரீஃப் பக்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் கயிற்றைத் தினமும் ஆள் கண்ணால் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பார்க்காமல் எழுதினால் என்ன ஆகும் என்று லைனில் இருந்த ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். புருஷனும் பிள்ளையும் அந்தக் கயிற்றில்தான் தொங்கினார்கள். நைனா அடிக்கடி சொல்வார்: "மூடியைத் திறக்காம ரிப்போர்ட் எழுதறவன் மேஸ்திரி இல்லடா, கொலைகாரன்."

நான் வாழ்க்கையில் பார்த்த முதல் மிட்-எஞ்சின் வண்டியும் அங்கேதான். சிரிக்காதீர்கள், மாருதி ஆம்னி! 1984இல் வந்தது, 2019 வரை செய்தார்கள். 796 சிசி எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். பங்காரப்பேட்டைக்குச் சவாரி போகிற ஆம்னி லைன் முனையில் நின்றுவிட்டால் நைனாவைக் கூப்பிடுவார்கள். சீட்டைத் தூக்கினால் எஞ்சின், அவ்வளவுதான். ஏழெட்டுப் பையன்கள் தலையை நுழைத்துப் பார்ப்போம். யாரும் "போய்ப் படிங்கடா" என்று விரட்டியதில்லை. பார்த்ததே படிப்புதான்.

2001 பிப்ரவரி 28. மைன்ஸ் மூடியாச்சு. பம்பு நின்றது, கீழே தண்ணீர் ஏறியது. நான் அப்போது காலேஜ். மிக்ஸி, மோட்டார், ஸ்கூட்டர் என்று ஊரில் கெட்டுப்போனதையெல்லாம் நைனா திறந்து திறந்து மூடித்தான் என் கடைசி இரண்டு வருட ஃபீஸ் கட்டினார். அப்புறம் நான் ஊரிகம் ஸ்டேஷனில் விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு ஆணி புடுங்கப் போனேன். அங்கிருந்து இங்கே.

இப்போது சொல்லப்போவதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. 2007இல் எனக்குப் பெண் பார்த்தபோது ஜாதகத்தோடு போன பயோடேட்டாவில், அப்பா தொழில் என்ற இடத்தில், "மைனிங் எஞ்சினியர்" என்று டைப் அடித்தேன். நைனா படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தங்கமணிக்கு அடுத்த வருடமே உண்மை தெரிந்துவிட்டது, சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பையனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மூடியைத் தூக்கியபோது வீடியோ காலில் நைனா இருந்தார். பையன் கழட்டிய நட்டையெல்லாம் தரையில் போட்டிருந்தான். நைனா திரையிலிருந்தே அதட்டினார்: "தம்பி, கழட்டுன வரிசையிலயே ஒரு தட்டுல வைப்பா. எஞ்சின் மேல ஒரு நட்டு விழுந்துச்சுன்னா ராத்திரி முழுக்க நீதான் தேடணும்." பையன் திரும்பி என்னைக் கேட்டான்: "தாத்தா எஞ்சினியர்தானே, அவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" நைனாவே பதில் சொன்னார்: "நான் ஃபிட்டருப்பா."

இப்போது புரிகிறதா, அந்த அக்கா சொன்னது எங்கே குத்தியது என்று? நம்மில் எத்தனை பேர் அப்பா, தாத்தா கையில் எண்ணெய் இருந்தது, மண் இருந்தது, தறிப் பஞ்சு இருந்தது? அந்தக் கையால் வந்த காசில் படித்துவிட்டு, அந்தக் கையை நம் பிள்ளைகளிடம் பூச்சாண்டி காட்டுகிறோம். "படிக்கலேன்னா மெக்கானிக்காத்தான் போவே" என்று இந்த ஊரில், பிளம்பரும் மெக்கானிக்கும் நம்மைவிட நிம்மதியாக வீடு வாங்குகிற ஊரில், உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம்.

இனி மற்ற மூன்றுக்கும் பதில்.

வாரண்டி? என் வண்டியின் வாரண்டி முடிந்தபோது என் பையன் பிறக்கவே இல்லை. புது வண்டி வைத்திருப்பவர்கள் வாரண்டிப் புத்தகத்தை உட்கார்ந்து படியுங்கள், பாதிப் பேர் படிக்காமலேதான் பயப்படுகிறோம். தொழில் தெரிந்தவர் சரியாகச் செய்தால், வெளியில் சர்வீஸ் விட்ட ஒரே காரணத்துக்காக இங்கே வாரண்டியை மறுக்க முடியாது. 2022 ஜூலை 1 முதல், சர்வீஸ் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் நியாய விலையில் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் சட்டமே இருக்கிறது. 2002இலிருந்து தயாரான வண்டிகளுக்கு. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று. வழக்கு அப்பீல், அப்பீலுக்கு மேல் அப்பீல் என்று இழுத்தது வேறு கதை. திறக்க விடாமல் இருப்பதில் காசு இருக்கிறது. அதை நம்மிடம் "உங்கள் பாதுகாப்புக்காக" என்று விற்கிறார்கள்.

நேரம் நஷ்டமா? அதே சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் நல்லெண்ணெய் மகிமை படித்துக்கொண்டிருந்தோமே, அதை யார் பில்லில் எழுதுவது?

ஆள் இருக்கிறார்களா? இருக்கட்டும். நானும் பிரேக்கில் கை வைக்க மாட்டேன், ஏர்பேக் பக்கம் போக மாட்டேன். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிற வயரைப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், உயிர் போகிற மின்சாரம். அதற்கெல்லாம் தேர்ந்த ஆள் வேண்டும், அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும். ஆனால் திறந்து பார்க்கத் தெரிந்தவனிடம்தான் நல்ல மெக்கானிக்கும் மரியாதையாகப் பேசுகிறான். கெட்ட மெக்கானிக் பயப்படுகிறான்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பில், போட்டோ, உதிர்ந்த ஃபில்டர் மூன்றையும் மேஜைமேல் வைத்தது பையன்தான். இரண்டு ஃபில்டருக்கும் கூலிக்கும் பேசாமல் காசு திரும்பி வந்தது. புது ஃபில்டரை நாங்களே போட்டோம். மூடிய பிறகு தட்டில் ஒரு நட்டு மிச்சம் இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் கழட்டினோம். நைனா திரையில் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடி. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் வீட்டுக்கு வாங்க, டீ உண்டு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த அக்காவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

டிஸ்கி: பயோடேட்டா இன்னும் பீரோவில் இருக்கிறது. "மைனிங் எஞ்சினியர்" என்பதை அடித்துவிட்டு "ஃபிட்டர்" என்று பேனாவால் எழுதிவிட்டேன். பதினெட்டு வருஷம் லேட்டு.