கல்வராயன் மலை 1976-இல் இணைந்த நாடா?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையைப் பற்றி அண்மைக் காலத்தில் ஒரு கூற்று வலுப்பெற்றுள்ளது. நாடு 1947-இல் விடுதலை அடைந்த பின்னும் அம்மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினரின் தனி அரசாகவே நீடித்தது என்றும், 1976-இல்தான் இந்தியாவுடன் இணைந்தது என்றும், அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 1996-இல்தான் வாக்குரிமை கிடைத்தது என்றும் அது கூறுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை அடுத்து, மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது இக்கூற்று மேலும் பரவியது. பரிவு கொண்டவர்களே இதைச் சொல்கின்றனர் என்றாலும், அரசமைப்பு நோக்கில் இது பிழை. அம்மக்களுக்கே தீங்கு செய்யும் பிழை.

கூற்றின் வேர், விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் மலையை மூவருக்கும் வழங்கினார் என்னும் மரபுச் செய்தியில் உள்ளது. அதை அப்படியே ஏற்றாலும், நிலக்கொடை என்பது ஒரு பகுதியின் வருவாயைத் தண்டிக்கொள்ளும் உரிமையேயன்றி வழங்கியவரின் மேலாட்சியை அறுத்துக்கொள்ளும் உரிமை ஆகாது. ‘ஜாகீர்’ என்பதோ பணிக்கு ஈடாக அரசு ஒதுக்கும் நில வருவாயைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஆகவே ஒருவரை ஜாகீர்தார் என்று அழைக்கும்போதே அவருக்கு மேல் ஓர் அரசு இருந்ததை ஒப்புக்கொள்கிறோம்.

தனி அரசு என்பதன் இலக்கணத்தை அறியத் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டைக்கு மன்னர் இருந்தார். அவர் ஒப்பமிட்ட பின்னரே அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே உள்ள புதுச்சேரி பிரான்சின் ஆட்சிப்பகுதியாக இருந்தது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது, 1962-இல் உடன்படிக்கை உறுதிசெய்யப்பட்டது, அதே ஆண்டில் அரசமைப்பே 14-ஆம் முறையாகத் திருத்தப்பட்டது. கல்வராயன் மலைக்கு இணைப்புப் பத்திரமோ உடன்படிக்கையோ அரசமைப்புத் திருத்தமோ இல்லை. ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தது, இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்றும் 1963-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் வழியாகும். ரயத்துவாரி என்பது இடையில் எவருமின்றி உழுபவரே அரசிடம் நேரடியாகப் பட்டா பெறும் முறை. ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் எல்லைக்குள் உள்ள நில உரிமையை மாற்றலாமே தவிர, வேற்று நாட்டை நாட்டோடு சேர்க்க முடியாது. அச்சட்டம் மலைமேல் செல்லுபடியானதே மலை ஏற்கெனவே இந்தியாவில் இருந்ததற்கு உறுதியான சான்று.

ஐரோப்பாவில் இத்தகைய நிலப்பிரபுத்துவ ஆட்சி மெய்யாகவே நீடித்த இடம் ஒன்று உண்டு. ஆங்கிலக் கால்வாயில் உள்ள சார்க் தீவை 1565-இல் முதலாம் எலிசபெத் அரசி ஒரு பிரபுவுக்கு வழங்கினார். நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்நிலத்தின் பேராலேயே தீவின் மன்றத்தில் இடம் கிடைத்தது. அந்த மன்றம் சட்டமும் இயற்றியது. அனைவரும் வாக்களித்து மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை 2008 டிசம்பரில்தான் வந்தது. அங்கே பிறப்பும் நிலமும் ஆள்வதைச் சட்டமே ஏற்றிருந்தது. கல்வராயனில் நடந்தது அதனினும் கொடியது: ஜாகீர்தாருக்குக் கூலியின்றி உழைத்ததாக மலைமக்கள் நினைவுகூரும் அந்த ஆண்டுகளில், கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசமைப்பின் 23-ஆம் பிரிவு நடப்பில் இருந்தது, அதை மலைமேல் நிறைவேற்றுவாரில்லை.

வாக்குரிமைக்கும் இதுவே பொருந்தும். 326-ஆம் பிரிவு வயதுவந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமையை 1950-லேயே அளித்துவிட்டது. பெயர் பட்டியலில் ஏறாததும், வாக்குச்சாவடி எட்டாததும், அதிகாரிகள் மலை ஏறாததும் நிர்வாகத்தின் குற்றம். 1996 என்னும் ஆண்டு, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி தமிழகமெங்கும் உள்ளாட்சித் தேர்தல் நடந்த ஆண்டாகும்; அதன் நினைவே முதல் வாக்குரிமையின் நினைவாகத் திரிந்திருக்கக்கூடும்.

இனி, 1976-ஐ விடுதலை ஆண்டு என்பதும் தகாது. அவ்வாண்டில் நாடு முழுவதும் நெருக்கடி நிலை நிலவியது. தமிழ்நாட்டில் ஜனவரி 31 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை. மக்களால் ஆளப்படாத ஓர் ஆண்டில் மலைக்கு மட்டும் மக்களாட்சி வந்தது என்பது பொருந்தாக் கூற்று. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அன்று மாறியது நிலத்தின் மேலுரிமை மட்டுமே.

இப்பிழையைக் களைவது சொல் ஆராய்ச்சிக்காக அன்று. மலை 1976 வரை வேற்று நாடாக இருந்தது என்றால், 1950 முதல் அந்த 26 ஆண்டுகளுக்குச் சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் எவரும் பொறுப்பாளியல்லர். இந்தியாவாகவே இருந்தது என்றால், சென்னையில் ஆண்ட ஒவ்வோர் அரசும் பொறுப்பாளியே. அதற்குப் பிந்திய ஆண்டுகளின் கணக்கும் அங்கேதான் சேரும். தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கான ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படாததால், கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டு நடுவண் சட்டம் கல்வராயன் மலைக்கு இன்றும் பொருந்துவதில்லை. தலைமுறைகளாக உழும் நிலத்தின் மீதான உரிமையை, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் மலைமக்கள் இன்று கோருவது ஜாகீர்தாரிடம் அன்று, அரசிடம்.