தூண்டிலை வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க

கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரி, மஹ்சீர் மீனுக்குப் பேர்போன மீன்பிடி முகாம். ராகி உருண்டைதான் இரை. பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்துலயே விட்டுடுவாங்க. சரணாலயத்துக்குள் இப்போ அதுக்கும் தடை.

அப்போ போனா என்ன கிடைக்கும்? காட்டுக்குள்ள ஒரு கூடாரம், பரிசல், கும்மிருட்டு. ஆத்துல முதலை உண்டு, குளிக்க இறங்காதீங்க.

"மீன் பிடிக்காம என்ன முகாம்?"னு சலிச்சுக்காதீங்க. தடை நியாயம்தான். ஆனா முன்னாடி, வெடி போட்டு மீன் அள்ளுறவங்களைத் துரத்தினதும் அந்த முகாம் ஆட்கள்தான். காவிரியின் திமில் மஹ்சீர் 2018-லேயே அழிவின் விளிம்பிலுள்ள இனம்னு அறிவிக்கப்பட்டாச்சு. தூண்டிலை மட்டும் நிறுத்தினா போதாது. கரையில் காவலுக்கு ஆள் வேணும். போனீங்கன்னா, வழிகாட்டிகிட்ட முதல்ல அதைக் கேளுங்க.